ஏழு பேருக்கு ஒரு ஊர்

என்னைப் பற்றி நல்ல எண்ணத்தோடு யாராவது இதைப் படிக்க உட்கார்ந்தால், அந்த எண்ணத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வரலாம். நான் ஒருத்திக்குச் செய்ததைச் சொல்லப்போகிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக இல்லை. என் மன்னிப்பை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்யப்போகிறாள்? மனசில் கிடந்து அரிக்கிறது, எழுதுகிறேன், அவ்வளவுதான்.

திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி. அதன் பெண்கள் விடுதியில் நாங்கள் ஏழு பேர் ஒரு கூட்டம். படிப்பு முடிந்ததும் கம்ப்யூட்டர் வேலையும் கல்யாணமும் எங்களை வாரிக்கொண்டு போய் ஊருக்கு ஒன்றாகப் போட்டது. சென்னையில் இரண்டு பேர், பெங்களூரில் இரண்டு பேர், கோயம்புத்தூரில் ஒருத்தி. ஹைதராபாத்தில் இரண்டு பேர். அதில் ஒருத்தி நான், கொண்டாப்பூரில். இன்னொருத்தி மல்காஜ்கிரியில். நகரத்தின் இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவள். நாலு வருஷம் ஒரே அறையில் என்னோடு கிடந்தவள்.

அவளுக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இடக்கால் சூம்பிப்போனது. தொடையிலிருந்து பாதம்வரை இரும்புக் கம்பியும் தோல் வாருமாக ஒரு காலிப்பர் போட்டிருப்பாள். முழங்காலில் ஒரு பூட்டு உண்டு. நிற்கும்போது பூட்டிக்கொள்ள வேண்டும், உட்கார வேண்டுமானால் குனிந்து பூட்டை எடுக்க வேண்டும். எடுக்கும்போது டக்கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை நாலு வருஷம் கேட்டவள் நான்.

எங்கள் கல்லூரி வாசலில் டவுன் பஸ் நிற்காது. பாளையங்கோட்டையிலிருந்து வரும்போதே வாழைத்தார் மாதிரி ஆட்கள் தொங்கிக்கொண்டு வருவார்கள். டிரைவர் எங்களைப் பார்த்ததும் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார். நாங்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். அவளை ரோட்டு ஓரமாக, எல்லாருக்கும் முன்னால், பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் காலிப்பர் தெரிகிற மாதிரி நிறுத்திவிடுவோம். பஸ் நிற்கும். அவள் பின்னால் நாங்கள் ஆறு பேரும் ஏறிவிடுவோம். கண்டக்டர் யாரையாவது எழுப்பி அவளுக்கு இடம் வாங்கிக் கொடுப்பார். அவள் உட்கார மாட்டாள். பத்து நிமிஷப் பயணத்துக்குப் பூட்டை எடுத்து மாட்டுவது பெரிய வேலை என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். அவளுக்குக் கிடைத்த சீட்டில் நான் உட்காருவேன். அறைத்தோழி என்கிற உரிமை. சினிமாக் கொட்டகையிலும் இதேதான், முதலில் அவளை விட்டு டிக்கெட் வாங்குவோம். இதில் வெட்கப்பட ஏதாவது இருக்கிறது என்று ஏழு பேரில் ஒருத்திக்கும் அன்று தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் கல்யாணமாகி ஹைதராபாத்தை ஒட்டின சிகந்தராபாத் பக்கம் வந்தாள். கணவர் ரயில்வேயில் கிளார்க், மூன்று தலைமுறையாக அங்கேயே கிடக்கிற தமிழ்க் குடும்பம். அவர் தமிழில் பாதி உருதும் தெலுங்கும் கலந்திருக்கும். அவள் தார்நாகாவில் ஒரு இடத்தில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை பார்த்தாள். அமெரிக்க டாக்டர்கள் வாய்க்குள் முணுமுணுத்ததை ஹெட்போனில் கேட்டு டைப் அடிக்க வேண்டும், பேச்சை நிறுத்தவும் ஓட்டவும் காலடியில் ஒரு பெடல். நல்ல காலால் அதை மிதித்து மிதித்து அந்தக் காலும் வலிக்கிறது என்பாள். ஒரு எண் மாறினால் நோயாளிக்கு மருந்து மாறிவிடும் என்று ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சரிபார்க்கிற பழக்கம் அவளுக்கு அங்கே வந்தது. அந்தப் பழக்கம்தான் கடைசியில் என்னைக் காட்டிக்கொடுத்தது.

அவள் அங்கே வந்து ஐந்து வருஷத்தில் அவள் வீட்டுக்கு நான் போனது ஒரே ஒரு தடவை, குழந்தை பிறந்தபோது. அதுவும் அரை மணி நேரம், கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே. ஆனால் எங்கள் குழு மெயிலில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? அவளை நான் பார்த்துக்கொள்கிறேன், மாசம் ஒரு தடவையாவது போய்விடுவேன், நான் இருக்கும்வரை நீங்கள் யாரும் கவலைப்படாதீர்கள். மற்றவர்கள் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அவளும் அந்த மெயில்களையெல்லாம் படித்தாள். ஒரு தடவைகூட இல்லை என்று சொல்லவில்லை.

நாங்கள் ஏற்கனவே இரண்டு தடவை கூடியிருந்தோம். முதலில் கொடைக்கானல், அடுத்து மகாபலிபுரத்தில் கடலோரம். இரண்டு இடத்திலும் ஏறவும் இறங்கவும் படி, மணல், வாடகைக் கார். இரண்டு தடவையும் அவள் வரவில்லை. அடுத்த தடவை கண்டிப்பாக வருகிறேன் என்று எழுதினாள். மூன்றாவது தடவை பேச்செடுத்ததும் முதல் மெயில் அவளுடையது. ஒரு தடவையாவது ஏழு பேரும் சேர்ந்து இருக்கிற போட்டோவில் நான் இருக்கணும், ஹைதராபாத்தில் வையுங்களேன் என்று கேட்டிருந்தாள். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

சென்னைக்காரிகள் இரண்டு பேரும் துள்ளினார்கள். முத்து வாங்கலாம், வளையல் வாங்கலாம், பிரியாணி தின்னலாம். பெங்களூர்க்காரிகளுக்கு மாமியாரை விட்டு வெளியே வந்தால் போதும். எனக்குத்தான் கணக்கு வேறு. ஐந்து பேரும் ஹைதராபாத் வந்து இறங்கினால் அவள் வாய் திறப்பாள். இவ எங்க வீட்டுக்கு அஞ்சு வருஷத்துல ஒரே தடவதான் வந்தா என்று சும்மா சிரித்துக்கொண்டே சொல்வாள், அவளுக்கு விஷமம் தெரியாது. ஐந்து வருஷம் கட்டின கோட்டை ஒரு நிமிஷத்தில் சரிந்துவிடும். அதோடு, அவள் வந்தால் யார் அவளோடு மெதுவாக நடப்பது? நான்தான். கோல்கொண்டாக் கோட்டையில் எல்லாரும் மேலே ஏறிப் போனதும் கீழே அவளோடு யார் உட்கார்ந்திருப்பது? நான்தான். போதும் சாமி என்றிருந்தது.

நான் வேலை பார்த்த கம்பெனியில் எதை வாங்குவதென்றாலும், யாரை வைப்பதென்றாலும், ஒரு எக்ஸெல் ஷீட் போடுவோம். வரிசையாகப் பெயர், ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை மார்க், ஒவ்வொரு மார்க்குக்கும் ஒரு எடை. எடையால் பெருக்கிக் கூட்டினால் யார் ஜெயித்தார் என்று ஷீட் சொல்லிவிடும். சண்டை வராது. மேனேஜருக்கு யார் வேண்டுமோ அவர் ஜெயிக்கிற மாதிரி எடையைப் போடுவது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த கலை. அதில் நான் கெட்டிக்காரி. ஊரைத் தேர்ந்தெடுக்கிற பொறுப்பை நானே இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஊருக்குள் போக்குவரத்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறோம், வந்து இறங்கினபின் அலைய முடியாவிட்டால் எந்த ஊராக இருந்து என்ன என்று எழுதினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். இதை எவளால் மறுக்க முடியும்?

சென்னை, பெங்களூர், ஹைதராபாத் மூன்று ஊருக்கும் போக்குவரத்தைப் பற்றி நான் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன். சென்னை எல்லாரும் பார்த்துச் சலித்த ஊர் என்று முதல் வரியிலேயே முடித்துவிட்டேன். பெங்களூரைப் பற்றி எழுதியதில் பாதி, அங்கே ஒரு வேலைக்காக இரண்டு நாள் ஏசி பஸ்ஸில் போய் வந்த சுகம். ஹைதராபாத்தைப் பற்றி எழுதியதில் பாதி பொய். செவன் சீட்டர் ஆட்டோவில் பதினோரு பேரை அடைப்பார்கள் என்றேன், அது நிஜம். மொழி தெரியாதவர்களை ஆட்டோக்காரர்கள் ஊரைச் சுற்றிக் காட்டுவார்கள் என்றேன். லோக்கல் ரயிலை நம்ப முடியாது என்றேன், நான் அந்த ரயிலில் ஒரு தடவைகூட ஏறினதில்லை. மல்காஜ்கிரியிலிருந்து கொண்டாப்பூருக்கு மூன்று மணி நேரம் என்று போட்டேன். அவள் வீட்டுக்கு அப்புறம் போகாததற்கு எனக்கு நானே சொல்லிக்கொண்ட சப்பைக்கட்டு அது. அதையே எழுத்தில் வடித்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அவளிடமிருந்து ஒரு நீளமான மெயில் வந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை அவள் ஊரைச் சுற்றியிருக்கிறாள், தனியாக, அந்தக் காலை வைத்துக்கொண்டு. சிகந்தராபாத் ஸ்டேஷனிலிருந்து சார்மினாருக்கு எந்த பஸ், எத்தனை நிமிஷம், எந்த நிறுத்தத்தில் ஏறினால் கூட்டமில்லை. பஸ்ஸில் முன்பாதி முழுக்கப் பெண்களுக்கு, பயமில்லை. எம்.எம்.டி.எஸ். என்கிற லோக்கல் ரயில் எந்தெந்த நேரத்துக்கு, எந்த ஸ்டேஷனில் நடைமேம்பாலம் ஏற வேண்டும், எங்கே ஏறாமலே வெளியே வந்துவிடலாம். எந்த பஸ்ஸின் படி எவ்வளவு உயரம் என்பதைக்கூட எழுதியிருந்தாள், ஒரு சாண் ரெண்டு விரல், ஒரு சாண் நாலு விரல் என்று. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவர்களுக்கு உதவும் என்று ஒரு குறிப்பு. கையால் அளந்திருக்கிறாள். பஸ் நின்றதும் குனிந்து படியைச் சாண் போட்டு அளக்கிற அவளைக் கண்டக்டர் என்னவென்று நினைத்திருப்பாரோ!

அதைப் படித்ததும் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. எல்லாருக்கும் போகிற மாதிரி ஒரே வரியில் பதில் போட்டேன். பிரமாதம், ஆனால் உனக்கு எந்த பஸ்ஸிலும் எழுந்து இடம் கொடுப்பார்கள், எங்களுக்கு யார் கொடுப்பார்கள்? நாலு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அவளும் ஒன்று போட்டாள்.

எல்லாரும் மார்க் போட்டு அனுப்பினார்கள். சேர்த்துக் கூட்டினால் ஹைதராபாத் முன்னால் நின்றது, என் குறிப்பையும் மீறி. சரியென்று ஆளுக்கு எடை போட்டேன். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு மூன்று, மற்றவர்களுக்கு இரண்டு. ஹைதராபாத் ஆசை குறைவாக இருந்தவர்கள் கைக்குழந்தைக்காரிகள்தான், அதனால் இது வேலை செய்யும் என்று நினைத்தேன். அப்போதும் ஹைதராபாத் ஏழு மார்க் முன்னால். அவள் வரிசையைப் பார்த்தேன். ஹைதராபாத்துக்குப் பத்து, பெங்களூருக்கு ஒன்று. அவளுக்கு நேரே இருந்த இரண்டை அழித்துவிட்டுப் பூஜ்ஜியம் போட்டேன். பெங்களூர் பதினோரு மார்க்கில் ஜெயித்தது. எடை இருந்த பத்தியை மட்டும் ஷீட்டில் தெரியாமல் மறைத்தேன். அது இரண்டு கிளிக். காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

முடிவை அனுப்பியதும் சென்னைக்காரிகள் கொஞ்சம் மூக்கால் அழுதார்கள். ஷீட் சொல்லிவிட்டது, நான் என்ன செய்ய என்றேன். அவள் அன்று எழுதவில்லை. மறுநாள் எனக்கு மட்டும் இரண்டு வரி வந்தது. என் வரிசையில் எண்ணை மாற்றினால் கூட்டுத்தொகை மாறவில்லை, ஏதோ தப்பு இருக்கு, நேரம் கிடைக்கும்போது பார் என்று. நான் பதில் போடவில்லை. நேரம் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். வீட்டில் நான் மட்டும். பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே ஒரு செவன் சீட்டர் வந்து நின்றது. அதிலிருந்து முதலில் ஒரு கைப்பை, அப்புறம் நல்ல கால், அப்புறம் இரண்டு கையாலும் தூக்கி வைத்த இன்னொரு கால். வாட்ச்மேன் இன்டர்காமில் கூப்பிட்டு, உங்களைத் தேடி ஒரு மேடம் வந்திருக்கிறார், ஆனால் லிஃப்டில் ரிப்பேர் வேலை நடக்கிறது, என்ன செய்ய என்று தெலுங்கில் கேட்டார். மூன்றாவது மாடி எங்கள் வீடு. நான் கீழே போயிருக்கலாம். வாட்ச்மேன் அறையில் நாற்காலி இருந்தது, அங்கேயே உட்கார்ந்து பேசியிருக்கலாம். ஏறி வரச்சொல்லுங்கள் என்று சொன்னேன். எதற்கு வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசிக்க எனக்கு நேரம் வேண்டியிருந்தது. அவள் காலிப்பர் ஒவ்வொரு படியாகத் தட்டிக்கொண்டு வருகிற சத்தம் கதவுக்கு வெளியே கேட்டது. அவள் மூன்று மாடி ஏறி முடிப்பதற்குள் என் பொய் தயாராகிவிட்டது.

வியர்த்துக் கொட்ட உள்ளே வந்தாள். சோபாவில் சாய்ந்து, குனிந்து பூட்டை எடுத்தாள். டக். தண்ணீர் கேட்டாள், குடித்தாள், வீடு நன்றாக இருக்கிறது என்றாள். பையிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தாள். என் ஷீட்டை அச்செடுத்து வைத்திருந்தாள். அதோடு ஒரு ரயில்வே பாஸ்.

“பெங்களூர்னு ஆனதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லட்டி. நான் வாரேன். இவுககிட்ட சொல்லிப் பாஸ் எழுதி வாங்கியாச்சு, பாரு. சரி, நாமளும் சந்தோசமாத்தான் வாறோம்னு தெரியட்டுமேன்னு, என் வரிசைல பெங்களூருக்கு இருந்த ஒண்ண அழிச்சிட்டுப் பத்து போட்டேன். கூட்டுத்தொக அசையல. நூறு போட்டேன். ஆயிரம் போட்டேன். அசையவே இல்ல.”

ஃபார்முலாவில் தப்பு இருக்கும், அவசரத்தில் போட்டது என்று நான் தயாராக வைத்திருந்ததைச் சொன்னேன்.

“ஃபார்முலா சரியாத்தான் இருக்கு. ஒளிச்சு வச்சத விரிச்சுப் பாத்துட்டேன். எல்லாருக்கும் ரெண்டு, மூணு. எனக்கு மட்டும் முட்ட.”

அவள் கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆபீசில் தப்பு கண்டுபிடித்துத் திருத்தச் சொல்கிறவள் மாதிரி பேனாவை எடுத்து, தாளில் அவள் வரிசையைத் தொட்டுக் காட்டினாள்.

“ரெண்டு வேண்டாம். ரெண்டு போட்டா ஹைதராபாத் ஜெயிச்சிரும், அப்பறம் நீ மொதல்லருந்து எல்லாருக்கும் பதில் சொல்லணும். ஒண்ணு போடு போதும். ஒண்ணு போட்டாலும் பெங்களூர்தான், ரெண்டு மார்க்ல. நான் போட்டுப் பாத்துட்டுத்தான் வந்தேன். ஊரு அதுவாவே இருக்கட்டும். முட்டைய மட்டும் எடுத்துருட்டி.”

அந்த நிமிஷம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தால் நான் மனுஷி. எனக்கு வந்தது ஆத்திரம். மூன்று மாடி ஏறி வந்து, மற்றவர்களில் பாதி போதும் என்று கேட்கிறாளே, இதைக் கேட்க என்னை இப்படி உட்கார வைத்திருக்கிறாளே என்று உச்சந்தலைவரை எரிந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டவளுக்கு வருகிற ஆத்திரம் வேறு எதுவும் மாதிரி இருக்காது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“ஒண்ணு போட்டா என்ன, போடாட்டா என்னட்டி? நீ வந்தா ஒருத்தி ரெண்டு நாளும் உன்னையப் பிடிச்சுக்கிட்டே நிக்கணும். ஒன்னால அவளுக்கு ஊரு பாக்கறதே போச்சு. நாலு வருசம் நான் பிடிச்சுக்கிட்டு நின்னேன். போதாதா?”

அவள் அந்தத் தாளை மடித்து உறைக்குள் வைத்தாள். பாஸையும் வைத்தாள். குனிந்து முழங்கால் பூட்டைப் போட்டாள். எழுந்து நின்று, சோபாவின் கையைப் பிடித்து நிதானப்படுத்திக்கொண்டு, என்னைப் பார்த்தாள்.

“நீ எப்ப நின்னட்டி? நீ உக்காந்துல்லா இருந்த.”

அதைச் சொன்னபோதும் அவள் குரல் உயரவில்லை. நான் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சாவியைத் தேடினேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, எங்க வீட்லருந்து இங்க வர ஒண்ணே முக்கா மணி நேரம்தான், நீ மூணுன்னு போட்டிருக்க, அதையாவது மாத்திரு, வேற யாருக்காவது உதவும் என்றாள். கதவைச் சாத்தின பிறகு அந்தச் சத்தம் படிப்படியாக இறங்கிப் போனது. ஏறுவதைவிட இறங்குவதற்கு அதிக நேரமானது. நான் பால்கனிக்குப் போகவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அவள் கணவர் போன் செய்தார். “ஹலோ, வந்துட்டாளா? சொன்னாக் கேக்கறதில்ல, கார் வச்சுக்கலாம்னா நக்கோ, வேண்டாங்கறா, ஃப்ரெண்டைப் பாக்கப் போறேன், தனியாவே போய்க்கறேன்னா.” புறப்பட்டுவிட்டாள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று மத்தியானம் ஷீட்டைத் திறந்தேன். மறைத்த பத்தியை விரித்து, அவள் பெயருக்கு நேரே ஒன்று போட்டேன். பெங்களூர், இரண்டு மார்க். சொன்னது சரி. ஒன்று போட்டிருந்தாலே எனக்கு வேண்டியது நடந்திருக்கும். நான் போட்டுப் பார்க்கவே இல்லை, நேராகப் பூஜ்ஜியத்துக்குப் போய்விட்டேன். இரண்டு போட்டேன், ஹைதராபாத் ஜெயித்தது. அதையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். திருத்தி அனுப்பினால் முதலில் என்ன இருந்தது என்று எவளாவது கேட்பாள். பழையபடி பூஜ்ஜியத்தையே போட்டு மூடிவிட்டேன். மூன்று மணி நேரத்தையும் மாற்றவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் குழு மெயிலில் எழுதினாள். ஆபீசில் லீவு கிடைக்கவில்லை, நீங்கள் சந்தோஷமாகப் போய்விட்டு வாருங்கள், போட்டோ அனுப்புங்கள். அவ்வளவுதான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த மெயிலைப் படித்ததும் எனக்கு உண்டானது நிம்மதி. இதை எழுதும்போது வேறு ஏதாவது சொல் கிடைக்குமா என்று பார்த்தேன், கிடைக்கவில்லை.

பெங்களூரில் நாங்கள் அதிகம் பார்த்தது சிக்னல்கள். தங்கின இடம் ஊரின் ஒரு மூலை, பார்க்க வேண்டியதெல்லாம் இன்னொரு மூலை. நான் புகழ்ந்து எழுதின ஏசி பஸ் நாங்கள் இருந்த பக்கம் வரவே இல்லை. முதல் நாள் மத்தியானச் சாப்பாட்டை நாலு மணிக்குச் சாப்பிட்டோம். கைக்குழந்தைகள் காரில் வாந்தி எடுத்தன. உன் ஷீட்டைக் கொண்டுபோய்க் குப்பையில் போடு என்று சென்னைக்காரி ஒருத்தி என்னைச் சிரித்துக்கொண்டே திட்டினாள். நான் போக்குவரத்தை மட்டும்தான் பார்த்தேன், நெரிசலைப் பார்க்கவில்லை என்று நானும் சிரித்துச் சமாளித்தேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் லால்பாக் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். சொல்லி வைத்த வேன் வரவில்லை. தூறல் வேறு. ஆட்டோக்காரர்கள் எங்களையும் குழந்தைகளையும் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். பஸ்கள் நிறைந்து வந்தன, நிறுத்தத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. நாலாவது பஸ் போனதும் பெங்களூர்க்காரி ஒருத்தி குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு சொன்னாள்.

“இப்ப அவ இருந்திருந்தா முன்னால கொண்டுபோய் நிறுத்திருக்கலாம்ட்டி. எந்த பஸ்ஸும் நின்னுருக்கும்.”

ஆறு பேரும் சிரித்தோம். மழையில் நனைந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வர, விடுதியில் சிரித்த மாதிரியே சிரித்தோம். நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன். சிரிப்பு அடங்கினதும், பாவம், அவளுக்கு எப்பத்தான் வர முடியுமோ என்றாள் கோயம்புத்தூர்க்காரி. இவ்வளவு தூரமெல்லாம் அவளால் முடியாது என்றேன் நான். கோயம்புத்தூர்க்காரி என் தோளைத் தட்டி, நீ பக்கத்துல இருக்கியே, அதுவே அவளுக்குப் பெரிய பலம் என்றாள்.

ஆமாம் என்றேன். ஒருவழியாக இரண்டு ஆட்டோ வந்து நின்றது. குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவுக்கு மூன்று பேராக ஏறினோம். யாரும் மிஞ்சவில்லை.